ஊசிக்காரரின் நெருப்புக் கரண்டி

வீடு மாறுவதற்கு முந்தின நாள் மருமகள் பழைய இரும்புக்காரரை வாசலில் உட்கார வைத்துவிட்டாள். மழுங்கிய அரிவாள்மணை, காது போன வாணலி, பேரன் ஓட்டித் தீர்த்த மூன்று சக்கர வண்டி என்று ஒவ்வொன்றாகத் தராசுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் பத்திரிகை படிப்பதுபோல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒரு கரண்டி போயிற்று. முழ நீளக் காம்பு, பாதித் தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு ஒரு குழி, உள்ளே எத்தனை தேய்த்தாலும் போகாத கறுப்பு. எண்பது வயதில் நான் அவ்வளவு வேகமாக எழுந்திருப்பேன் என்று மருமகள் எதிர்பார்க்கவில்லை; நானும் எதிர்பார்க்கவில்லை. தட்டிலிருந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "சாம்பிராணி போடக்கூட நம்மகிட்ட வேற நல்லது இருக்குதுங்களே மாமா" என்றாள். இருக்கிறதுதான். ஆனால் இது சாம்பிராணி போடச் செய்ததல்ல. கொல்லிமலையில் படுக்க இடம் பிடிப்பதற்காக ஒரு மனிதர் கையோடு கொண்டு திரிந்த கரண்டி இது.

அவர் அம்மை குத்தும் உத்தியோகஸ்தர். காகிதத்தில் வாக்சினேட்டர், ஊர் வாயில் ஊசிக்காரர். நான் அவருக்குச் சேவகன். வெள்ளைக்காரன் ஆண்ட காலம், இரண்டாம் உலகப்போர் இன்னும் தொடங்கவில்லை. என்னைவிட அவர் இரண்டு வயது இளையவர், சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவர். ஆள் மெலிசு. அட்டைப்பூச்சிக்கு அப்படிப் பயப்படுவார். ஆனாலும் மலையேறும்போது கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். கோட்டு இல்லாவிட்டால் தன்னை யாரும் சர்க்கார் ஆள் என்று நம்ப மாட்டார்கள் என்பது அவர் கவலை. கோட்டோடு பார்த்தவர்களும் அப்படியொன்றும் நம்பிவிடவில்லை என்பதை நான் அவரிடம் சொன்னதில்லை.

அந்த நாளில் மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. முள்ளுக்குறிச்சி வரை மாட்டு வண்டி, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் நடை. என் தலையில் ஒரு டிரங்குப் பெட்டி, முதுகில் அரிசி மூட்டை, கையில் ஒரு மண்கலயம். அந்தக் கலயத்துக்குள்தான் எங்கள் உயிர் இருந்தது. ஈரத்துணி சுற்றி, மரத்தூளுக்குள் புதைத்த கண்ணாடிக் குழல்களில் அம்மைப்பால். மதராசிலிருந்து தபாலில் வரும். சூடு பட்டால் செத்துப்போகும். செத்த பாலைக் குத்தினால் பிள்ளையின் கையில் காயம் ஆகுமே தவிர அம்மையைத் தடுக்காது. ஆகவே குளிர்ச்சியான இடமாகப் பார்த்துத் தங்கி, பால் கெடுவதற்குள் பிள்ளைகளைப் பிடித்துக் குத்தி, எட்டாம் நாள் திரும்பப் போய்க் குத்தின இடத்தில் கொப்புளம் பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ஊரில் தங்க விடவில்லையென்றால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் ஊசி இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

தங்குவதற்கு என்று சர்க்கார் எங்களுக்கு எதுவும் தரவில்லை. மேலே ஒரு பங்களா இருந்தது, அது துரைமார்களுக்கு. எங்கள் தரத்துக்கு அதன் குதிரை லாயம்கூடக் கிடைக்காது. எனவே சும்மா கிடைக்கிற இடத்தில் படுப்பதை நாங்கள் ஒரு வித்தையாகவே பழகிவிட்டோம். அறுப்பு முடிந்த காட்டின் காவல் பரண், ஆட்டுப்பட்டியின் ஓரம், பாறையின் அடிவயிறு, காலியான களம் எல்லாவற்றிலும் படுத்திருக்கிறோம். ஆடு படுத்த இடத்தில் ஈரம் இருக்காது. பலா பழுக்கும் காலத்தில் அந்த மரத்தடி ஆகாது; ஒன்று பழம் விழும், இல்லாவிட்டால் பழத்துக்குக் கரடி வரும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், நான் அடிவாரத்துக்காரன். தெரியாதது ஒன்று, படுக்கலாமா என்று யாரிடம், எப்படிக் கேட்பது. மலையில் சும்மா கிடக்கிற இடம் என்று ஒரு சாண்கூடக் கிடையாது. பாறைக்கு ஒரு வீட்டுக்காரர் இருப்பார், மரத்துக்கு ஒரு சாமி இருக்கும். இடம் கேட்டால் எங்கள் கோட்டைப் பார்த்துவிட்டு, "இங்க எடமில்லீங்க, அடுத்த ஊர்ல கேளுங்க" என்பார்கள்.

ஊசிக்காரர் இடம் கேட்கவே மாட்டார். ஊருக்குள் நுழைந்ததும் பெட்டியை இறக்கி, இந்தக் கரண்டியை எடுத்துக்கொண்டு முதல் வீட்டு வாசலில் போய் நிற்பார். "ஏனுங்க, அடுப்புப் பத்த வைக்கோணும். கொஞ்சம் நெருப்புக் குடுங்க" என்பார். நெருப்புக்கு இல்லை என்று சொல்வது மலைக்காரர்களுக்குப் பழக்கமில்லாத காரியம். உள்ளே போய் இரண்டு கங்கு கொண்டுவந்து கரண்டியில் இடுவார்கள். தன் வீட்டு நெருப்பை ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, அதை எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறான் என்று பாராமல் இருக்க முடியுமா? பின்னாலேயே வருவார்கள். "அங்க காத்தடிக்குமுங்க, இப்படி வாங்க" என்று அவர்களே களத்தைக் காட்டுவார்கள். அரை நாழிகையில் கீரை வரும், வாழைப்பழம் வரும், பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வரும். பிள்ளைகள் வந்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது என்று அர்த்தம். இதைப் பார்த்து எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. ஒருமுறை, தீப்பெட்டி வாங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன். "மலைக் குளிருக்குத் தீக்குச்சி புடிக்காதப்பா" என்றார். நானும் நம்பினேன்.

அந்த மாசி மாதம் அடிவாரத்தில் அம்மை கடுமையாக இருந்தது. முள்ளுக்குறிச்சியிலேயே மூன்று வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. மலைக்கு ஏறிவிட்டால் எந்தெந்தக் குடிசையில் நுழையும் என்று சொல்ல முடியாது. பல ஊர் சேர்ந்த பகுதியை மலையில் நாடு என்பார்கள். அரியூர் நாட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குண்டூர் நாட்டில் ஒரு சிற்றூருக்குப் போனோம். பெயர் வேண்டாம், பதினைந்து வீடு இருக்கும். மத்தியான வெயில் சாய்ந்த நேரம். ஊசிக்காரர் கரண்டியோடு முதல் வீட்டு வாசலில் நின்றார். இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு ஒரு பெண் நிலைப்படிக்கு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். அவர் நெருப்புக் கேட்டார்.

"நெருப்பு இல்லீங்க" என்றாள்.

அவள் தலைக்கு மேலே கூரைப் புல்லின் வழியாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. அவள் பார்க்கவில்லை, நாங்கள் இருவரும் பார்த்தோம். அடுத்த வீட்டிலும் நெருப்பு இல்லை. அதற்கடுத்த வீட்டில் எங்களைக் கண்டதும் படலைச் சாத்திக்கொண்டார்கள். ஊசிக்காரர் என்னிடம் திரும்பி மெதுவாக, "இந்த ஊர்ல அம்மா வந்திருக்காப்பா. அந்த மொத ஊட்டுலதான்" என்றார். அம்மை போட்ட வீட்டில் மாரியம்மனே குடியிருக்கிறாள். அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பும்வரை அந்த வீட்டிலிருந்து நெருப்பு, உப்பு, சுண்ணாம்பு ஒன்றும் வெளியே போகக் கூடாது. சமவெளியிலும் அதுதான் வழக்கம், மலையிலும் அதுதான். சின்ன ஊரென்றால் ஊரே அந்தக் கட்டைக் காக்கும். ஊசிக்காரர்கள் நோயாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்ததால் வாசலில் வேப்பிலைகூடச் செருகாமல் மறைத்திருக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கரண்டி இடம் பிடிக்க மட்டும் வந்ததல்ல. எந்த வீடு நெருப்பு இல்லை என்கிறதோ அந்த வீட்டில் நோய் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும்தான் இவர் இத்தனை நாள் நெருப்புக் கேட்டிருக்கிறார்.

அந்தப் பெண்ணிடம் இடுப்புக் குழந்தைக்காவது ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லலாம் என்று மறுபடியும் முதல் வீட்டுக்குப் போனார். குழந்தையின் கையைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டி நழுவி அவள் காலடியில் விழுந்தது.

புதுத் தீப்பெட்டி. விழுந்தபோது உள்ளே குச்சிகள் குலுங்கின சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அதற்குள் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரும் நாலைந்து பேரும் வந்து நின்றிருந்தார்கள். கவுண்டர் குரலை உயர்த்தவில்லை. "நெருப்ப மடியில வெச்சுக்கிட்டு நெருப்புக் கேட்டீங்களாக்கும்" என்றார். "அப்ப நீங்க கேட்டது நெருப்பில்லீங்க. வேற எதையோ எங்க ஊட்டுல இருந்து எடுத்துக்கிட்டுப் போக வந்திருக்கீங்க." அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகில்லை. ஓடையோடு தங்கள் ஊர் எல்லை முடிந்தது, அந்தப் பக்கம் போய்விடுங்கள் என்றார். ஊசிக்காரர் தீப்பெட்டியை எடுத்து அந்தப் பெண்ணின் வாசற்கல்லின்மேல் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

உண்மையைச் சொன்னால், அந்த ஊர்க்காரர்களைவிட எனக்குத்தான் கோபம் அதிகம். குளிருக்குக் குச்சி பிடிக்காது என்று என்னிடமே அல்லவா புளுகினார் இந்த மனிதர். ஓடைக்கு அப்பால் ஒரு சரிந்த பாறையின்கீழ் பெட்டியை நான் இறக்கிவைத்த சத்தத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்திருக்கும். "பொய்தானப்பா. ஒத்துக்கறேன். எடம் கேட்டா தர மாட்டாங்க, சீக்கு இருக்குதான்னு கேட்டா சொல்ல மாட்டாங்க. வேற எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல" என்றார். அடுத்த ஊருக்குப் போய்விடலாம் என்றேன். போனால் இந்தக் கைக்குழந்தை என்ன ஆவது என்றார். சரி, அடுத்த ஊரிலாவது நெருப்பு வாங்கிவருகிறேன் என்றேன். அதற்கும் ஒப்பவில்லை. "இங்க பொகை எந்திரிச்சா, இன்னொரு தீப்பெட்டி வெச்சிருக்கான்னுதான் நெனைப்பாங்க" என்றார். மண்கலயத்தை ஓடை மணலில் கழுத்துவரை புதைத்தோம். அம்மைப்பாலுக்கு அதைவிடக் குளிர்ச்சியான இடம் அந்தச் சுற்றில் எங்களுக்கு அமையவில்லை; துரத்தினவர்கள் நல்ல இடத்துக்குத்தான் துரத்தியிருந்தார்கள்.

இரண்டு நாள் நெருப்பில்லாமல் கிடந்தோம். மாசி மாதத்துப் பனி விடியும்போது பாறையிலிருந்து சொட்டும். ஊற வைத்த அவல், வெல்லம், கல்லுப்போல் ஒரு வாழைச்சீப்பு. அரிசி மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு பட்டினி மாதிரிக் கிடப்பது என்ன கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஊசிக்காரர் கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்தப் பார்த்தார். நான் முதல் நாள் வாங்கவில்லை, இரண்டாம் நாள் வாங்கிக்கொண்டேன். எதிர்ச்சரிவில் சாமைத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அவ்வப்போது நிமிர்ந்து எங்கள் பாறையைப் பார்த்தார்கள். மலையில் ஆள் இருக்கிற இடத்தைப் புகையை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள். எங்கள் பாறைக்கு மேலே வானம் சுத்தமாக இருந்தது. அவரோ எந்நேரமும் கலயத்தின் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் இன்னும் மூன்று நாள் தாங்கும், மிஞ்சிப்போனால் நான்கு நாள் என்றார்.

மூன்றாம் நாள் காலை, பனி விலகும் நேரம், அந்தப் பெண் ஓடையின் அந்தக் கரையில் வந்து நின்றாள். இடுப்பில் அதே குழந்தை. அவள் பின்னால் கொஞ்சம் தள்ளி ஊர்க்கவுண்டர் நின்றார். அவளாகத்தான் பேசினாள்.

"ரெண்டு நாளா பொகையவே காணோமுங்களே."

"நெருப்பு இல்லீங்க" என்றார் ஊசிக்காரர்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தாநாள் அவள் சொன்ன அதே சொல். அன்று அவள் பொய் சொன்னாள், இன்று இவர் நிஜம் சொல்கிறார் என்பது அவளுக்கும் தெரியும். பிறகு நிமிர்ந்து, "பெரியவனுக்கு அம்மா வார்த்திருக்குதுங்க. இன்னிக்கு ஆறாம் நாளு. எங்க ஊட்டுல இருந்து ஒண்ணும் வெளிய குடுக்கக் கூடாது" என்றாள். "இவன் ஊட்டுச் சாமானில்லீங்களே. இவனைத் தரலாமுன்னு கவுண்டரு சொல்லிட்டாரு." ஓடையில் இறங்கித் தண்ணீர் முழங்காலைத் தொட நடந்து வந்து, குழந்தையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நிற்க, "இதனால அம்மா கோவிச்சுக்குவாளுங்களா?" என்று கேட்டாள்.

தைரியம் சொல்வதற்கு எங்களுக்குச் சில வாசகங்கள் மனப்பாடம். அவற்றில் ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. "அது எனக்குத் தெரியாதுங்க. எம் மகளுக்கு மூணு மாசத்துல நானே குத்தினேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் சட்டையை அவளே விலக்கிக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுவாதே கண்ணு, அழுவாதே சாமி" என்று அவள் சொல்லச் சொல்ல அவன் ஊரைக் கூட்டினான். இரண்டு நாள் குளிரில் விறைத்துப்போயிருந்த விரல்களை உரசிச் சூடாக்கிக்கொண்டு ஊசிக்காரர் அவன் கையில் நான்கு இடத்தில் குத்தினார். மத்தியானத்துக்குள் ஊரில் மிச்சமிருந்த பிள்ளைகளும் ஓடை தாண்டி வந்து சேர்ந்தன. யாரும் நெருப்புக் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு மைல் நடந்து அடுத்த ஊருக்குப் போனோம். அங்கே முதல் வீட்டு வாசலில் நின்று அவர் கேட்டதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏனுங்க, நான் அம்மை குத்த வந்திருக்கறவன். கடையில தீப்பெட்டி வாங்கிக்கலாமுங்க. ஆனா உங்க ஊட்டு நெருப்புக் குடுத்தீங்கன்னா இங்கயே தங்கிக்குவோம்."

அந்த வீட்டுக்காரர் சிரித்துவிட்டு உள்ளே போய்க் கங்கு கொண்டுவந்தார். அதன் பிறகு மலையில் அவர் வேறு எப்படியும் கேட்கவில்லை. சில ஊரில் இந்த நிஜத்துக்கு நெருப்புக் கிடைத்தது, சில ஊரில் கிடைக்கவில்லை. கிடைக்காத ஊரில் பாறைதான். பழைய பொய்க்கு எல்லா ஊரிலும் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதையும் நான் சொல்ல வேண்டும். நான் அதை அவரிடமே சொன்னேன். "ஆமாப்பா, குளுருதுதான்" என்றார்.

எட்டாம் நாள் ஓடைக்கரைக்கு வந்து பார்த்தபோது குழந்தையின் கையில் நான்கு இடத்திலும் நன்றாகப் பூத்திருந்தது. அம்மையும் அவனை அண்டவில்லை. பெரியவனுக்குக் கொப்புளம் வற்றத் தொடங்கியிருந்தது என்றாள். அவன் பிழைப்பான் என்று அப்போதுதான் அவள் முகத்திலேயே தெரிந்தது. கீழிருந்து புதுப் பால் தருவித்து மற்ற ஊர்களையும் முடித்துக்கொண்டு, பங்குனி பாதியில் கீழே இறங்குவதற்காக அந்த வழியாக வந்தோம். ஊருக்குள் போகும் எண்ணம் இல்லை. பெட்டி என் தலையில், கரண்டி அவர் கையில். தூரத்திலிருந்தே அவள் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, நில்லுங்க. வாரேன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். வாசலில் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிய ஈரம் இருந்தது. ஆறு வயதுப் பையன் ஒருவன், முகமெல்லாம் தழும்பு, நிலைப்படியில் உட்கார்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருந்தான். அம்மனை வழியனுப்பும் மூன்றாம் தண்ணீர் அன்று காலைதான் அவன் தலைக்கு ஊற்றியிருக்கிறார்கள். அவள் இரண்டு கையிலும் ஓடு பிடித்து நிறையக் கங்கு கொண்டுவந்து எங்கள் கரண்டியில் கொட்டினாள். "அம்மா போயிட்டாளுங்க. இந்த ஊட்டுல இருந்து மொத நெருப்பு உங்களுக்குத்தான் குடுக்கோணும்னு வெச்சிருந்தேன்" என்றாள். பிறகு இடுப்பிலிருந்து எடுத்து அந்தத் தீப்பெட்டியை நீட்டினாள். "இதுல ஒரு குச்சிகூட எடுக்கலீங்க."

அந்த நேரத்தில் எங்களுக்கு நெருப்பே தேவையில்லை. பொழுது சாய்வதற்குள் முள்ளுக்குறிச்சி போய்விடுவோம். ஆனால் ஊசிக்காரர் அந்தக் கங்கைக் கொட்டவில்லை. மலைப்பாதை முழுக்கக் கரண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு நின்று ஊதி, வழியில் காய்ந்த சுள்ளியும் கட்டையும் பொறுக்கிப் போட்டு, அட்டைப்பூச்சி ஏறியதைக்கூடக் கவனிக்காமல் இறங்கினார். பின்னால் பெட்டியோடு நான், இந்த ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். முள்ளுக்குறிச்சிச் சந்தைக் கொட்டகையில் மூன்று கல் கூட்டி, அந்த நெருப்பிலேயே உலை வைத்தார். தீப்பெட்டி அவர் கோட்டுப் பையில்தான் இருந்தது. அன்று தின்ற சோறு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. அவரிடம் எனக்கு இருந்த கோபம் எந்த வளைவில் இறங்கிப்போயிற்று என்று தெரியவில்லை, சோற்றைப் பிசையும்போது அது இல்லை.

அடுத்த வருஷம் அவரைத் தெற்கே மாற்றிவிட்டார்கள். போகும்போது கரண்டியை என் கையில் கொடுத்தார். அங்கே மலை இல்லையாம். அதன்பின் இரண்டு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. அவர் இருக்கிறாரா, இல்லையா என்று தெரியாமலேயே நான் கிழவனாகிவிட்டேன். அம்மையும் உலகத்தைவிட்டுப் போய்விட்டது. அது போய்விட்டது என்று பத்திரிகையில் படித்த அன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்ல வேண்டிய ஆள் பக்கத்தில் இல்லை.

முந்தாநாள் புது வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்றாவது மாடி, எதிரெதிராக இரண்டு கதவு. மகன் காஸ் அடுப்பைப் பொருத்திப் பாலும் காய்ச்சியாயிற்று. எதிர்வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே இருந்தது. அன்று சாயங்காலமே கரண்டியில் ஒரு கரித்துண்டைப் போட்டு எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டினேன். ஒரு சின்னப் பெண் திறந்தாள். கொஞ்சம் நெருப்பு வேண்டும் என்றேன். அவள் என்னையும் கரண்டியையும் பார்த்துவிட்டு, "தீப்பெட்டி தரட்டுங்களா தாத்தா?" என்றாள்.

"தீப்பெட்டி என்கிட்ட இருக்குதும்மா" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்தும் காட்டினேன். "இன்னிக்குத்தான் எதுருல குடி வந்திருக்கோம். உங்க ஊட்டு நெருப்பு வேணும்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கரண்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். காஸ் பற்றும் சத்தம் கேட்டது. கரி சிவக்க நேரமாயிற்று; நான் வாசலிலேயே நின்றேன். அவள் கரண்டியை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு, கங்கை ஊதியபடியே வந்து, என் கையில் கொடுக்காமல், "நானே கொண்டாந்து வெக்கறேனுங்க தாத்தா, எங்க வெக்கோணும்?" என்று கேட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் நடந்தாள்.